சீட்டாட்ட அறையின் உத்திரம்

என்னை வேலைக்கு எடுத்த அன்று கிளப் செயலாளர் என் சான்றிதழ்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டி என் செருப்பைப் பார்த்தார்.

“இது வாங்கி எத்தன மாசமாச்சு?”

“நாலு மாசமுங்க.”

“அதுக்குள்ள குதிகால் தேஞ்சு போச்சு. செரி, நடக்கிற ஆளுதான். முன்னால இருந்தவன் செருப்பு ரெண்டு வருசமாப் புதுசாவே இருந்துச்சு. நாளைக்கே வந்துரு.”

அது எழுபதுகளின் பிற்பாதி. ஓவர்சியர் படிப்பு முடித்து, ஒரு காண்ட்ராக்டரிடம் பாலம் கட்டும் வேலையில் நாலைந்து வருடம் வெயிலில் நின்றவன் நான். பாலம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. சேலத்தில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் தொடங்கிய ஒரு கிளப்பில், கட்டடத்தையும் மைதானத்தையும் கவனித்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். செயலாளர் நாமக்கல்காரர். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். எனக்கும் அந்தப் பக்கம்தான் ஊர் என்று தெரிந்ததும், “சார் கீர்னு கூப்புடாத, அண்ணான்னே கூப்புடு” என்றார். கிளப் தொடங்கிய காலத்தில் அவரைப் போன்ற ஒருவர் அதன் முன்வாசல் படியில் கால் வைத்திருக்க முடியாது. இப்போது அவர்தான் செயலாளர். வேலை செய்கிற நாங்கள் மட்டும் அப்போதும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே போய்வந்தோம்.

நடுவில் பெரிய கூடம். அதை ஒட்டி வாசிப்பறை, பில்லியர்ட்ஸ் அறை, கிழக்குக் கோடியில் சீட்டாட்ட அறை. வெளியே இரண்டு டென்னிஸ் மைதானங்கள், புல்வெளி, சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள். மொட்டை மாடியில் நின்றால் ஏற்காட்டு மலை பக்கத்துத் தெருவில் இருப்பது போலத் தெரியும் என்பார்கள். நான் அந்த மலையை ஒழுங்காகப் பார்த்ததாக நினைவில்லை. மாடிக்குப் போனால் என் கண் தரையில் விரிசல் தேடும்.

பாலத்தில் எனக்கு ஒரே ஒரு முதலாளி. இங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலாளி. டென்னிஸ் மைதானத்துக்கு மூன்று மணிக்கே தண்ணீர் தெளி என்று ஒருவர் சொல்வார். நான்கு மணிக்கு ஆட வருகிற இன்னொருவர், தரை ஏன் வழுக்குகிறது என்று சத்தம் போடுவார். ஓர் அம்மாள், கார் மேல் பறவை எச்சம் விழுகிறது, மரத்தை வெட்டு என்பார். அவருடைய கணவரே மறுநாள் வந்து, அந்தக் காருக்கு நிழல் போதவில்லை, இன்னொரு மரம் வை என்பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தேன். ஒரு வேலை பாதியில் நிற்கும்போதே அடுத்த வேலைக்குக் கூப்பிட்டு ஆள் வரும். உட்கார்ந்து சாப்பிட்ட மதியச் சாப்பாடுகள் குறைவு. அது எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான், உட்கார்ந்தால் ஏதோ ஒன்று எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கும் என்ற பயம் எனக்குள் ஏறியிருப்பது தெரிந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அப்போது காலி மனைகள்தான் அதிகம். அங்கே ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவி ஒருநாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: “ஊட்டுக்கு வந்தாலும் உங்க கண்ணு மோட்டுவளையிலயே நிக்குதுங்க. இது நம்ம ஊடு இல்ல, வாடக ஊடு. ஒழுகுனா ஊட்டுக்காரரு பாத்துக்குவாரு.” நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பெரிய கூடத்தின் வடக்குச் சுவரில், மேற்குக் கோடியில் ஒரு கறை தெரிந்தது. முதலில் உள்ளங்கை அளவு, ஒரு வாரத்தில் முறத்தின் அளவு. அந்தக் கூடத்தின் கூரை பழைய மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் பெரிய தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகள், அதற்கு மேல் சிறு செங்கல் அடுக்கிப் போட்ட கனமான சுண்ணாம்புக் காரை. கறை இருந்த இடத்தில்தான் மேற்கிலிருந்து இரண்டாவது உத்திரம் சுவருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மரம் வெளியே எவ்வளவு நன்றாக இருந்தாலும், சுவருக்குள் புதைந்த நுனி ஈரத்தில் அழுகிவிட்டால், ஒருநாள் அந்தக் கனம் முழுவதும் இறங்கிவிடும்.

ஏணி போட்டு ஏறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நடுவில் கணீரென்று கேட்டது. சுவரோரம் போகப் போகச் சத்தம் மந்தமானது. இறங்கினேன், மறுபடி ஏறினேன். அன்று மட்டும் ஐந்து முறை ஏறியிருப்பேன்.

செயலாளரிடம் சொன்னேன். அவர் சேலம் வருகிற அன்று தன் பட்டறையிலிருந்து சொந்தச் சுத்தியலையே எடுத்து வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். தட்டினார், காதை மரத்தில் வைத்துக் கேட்டார், மூக்கை வைத்து முகர்ந்தார்.

“மரம் நல்லாருக்குது.”

“நுனி சுவத்துக்குள்ள இருக்குதுங்கண்ணா. அங்க எப்படி இருக்குதுன்னு நமக்குத் தெரியாதே.”

“சுவத்துக்கிட்ட எந்த மரத்தத் தட்டுனாலும் சத்தம் அடங்கித்தான் கேக்கும். சுவரு புடிச்சிருக்குதில்ல? நான் முப்பது வருசமா மரம் வாங்கறேன் தம்பி.”

“கீழ சவுக்குக் கட்டையாவது முட்டுக் குடுத்து வெச்சரலாமுங்களா?”

“மார்கழிக் கடசீல ஆண்டு விருந்து. முந்நூறு பேரு வர்றாங்க. முட்டுக் கட்டைக்கு நடுவுல கண்ணாமூச்சி வெளையாடச் சொல்லட்டுமா? விருந்து முடியட்டும். தை பொறந்ததும் கூரையையே பிரிச்சுப் பாரு, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னால்தான் அதை ஏற்க முடியவில்லை. அந்த உத்திரத்துக்கு நேர் கீழேதான் மேடை போடுவார்கள். அதன் முன்னால் குழந்தைகள் உட்காருவார்கள். நான் அதை மனதில் பார்த்தபடியே இருந்தேன். டென்னிஸ் மைதானத்தில் உருளை இழுக்கிறவர்களோடு நிற்கும்போது திடீரென்று கூடத்துக்கு ஓடிவருவேன். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். கோட்டைத் தாண்டிவிட்டதா என்று மணிக்கொரு தரம் பார்த்தேன். தாண்டியது போலவும் இருக்கும், தாண்டாதது போலவும் இருக்கும். வீட்டில் சோறு இறங்கவில்லை.

மழையில் கூடம் ஈரமானதால், மாலையில் அங்கே உட்கார்ந்து பேசும் பெரியவர்களை எல்லாம் சீட்டாட்ட அறைக்கு மாற்றியிருந்தேன். அந்த ஏற்பாடு என்னுடையதுதான். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கூரையில் கறை இல்லை, ஒழுகல் இல்லை. உத்திரங்களுக்கு அந்தக் கோடையில்தான் கறுப்பு எனாமல் பெயிண்ட் அடித்திருந்தேன். பளபளவென்று இருந்தன. போதும் என்று திரும்பிவிட்டேன்.

அங்கே பெருக்கித் துடைக்கிற வேலைக்கு ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கிளப் திறப்பதற்குள் எல்லா அறையையும் முடித்துவிட்டுப் போய்விடுவார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் காலையில் நான் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போகும்போது சீட்டாட்ட அறை வாசலில் என்னை நிறுத்தினார்.

“சாமி, இந்த மேச மேல தெனமும் கடலமாவாட்டம் உதிந்து கெடக்குதுங்க. நேத்துத் தொடச்சது இன்னிக்கும் கெடக்குது.”

நான் நிற்கவில்லை. “சுண்ணாம்பு உதிரும்மா. ஈரத்துக்கு அப்படித்தான். தொடச்சு உட்டுருங்க.”

“செரிங்க சாமி” என்றார். நான் ஏணியோடு போய்விட்டேன்.

விருந்துக்கு இரண்டு நாள் இருந்தது. அலங்கார விளக்குக்காரர்கள் கூடத்தில் கம்பி இழுக்க வந்தார்கள். அதில் ஒருவன், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இரண்டாவது உத்திரத்தில் ஆணி அடித்தான். நாலு அடி. ஒவ்வோர் அடியும் என் நெஞ்சில் விழுந்தது. நான் வெளியே வந்து மேஸ்திரியைத் தேடினேன்.

மேஸ்திரிக்கு ஓமலூர். என் வயதுதான் அவருக்கும். கோபக்காரர், ஆனால் கை சுத்தம். அவர் போட்ட காரை வெடித்து நான் பார்த்ததில்லை. அவர் மதில் ஓரம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“மாடியில கூடத்துக் கூரையப் பிரிக்கோணும். மேற்குக் கோடி, ரெண்டாவது உத்திரத்துக்கு மேல.”

“தை மாசந்தானே சார்?”

“இப்ப.”

பீடியைக் கீழே போட்டு மிதித்தார். “செக்ரட்டரி எழுதிக் குடுத்துட்டாரா?”

“நான் சொல்றேன்.”

“நாளன்னிக்கு விருந்து. பிரிச்சா மூட முடியாது சார். காரை காயறதுக்கே நாளாகும்.”

“தெரியும்.”

அவர் மேலே மாடியைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்தார். “எம் மேல வரக் கூடாது. நீங்கதான் சொன்னீங்கன்னு நான் சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். உத்திரத்தின் நுனியைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், உள்ளே இருந்து சுவரைக் கொஞ்சம் கொத்தியிருந்தால் போதும். அரை நாள் வேலை. விருந்துக்குள் பூசியும் மறைத்திருக்கலாம். எனக்கு அது தெரியாமல் இல்லை. உத்திரத்தைப் பார்ப்பதைவிட விருந்தை நிறுத்துவதுதான் எனக்குத் தேவையாக இருந்தது. வானம் தெரிகிற கூடத்தில் யாரும் முந்நூறு பேரை உட்காரவைக்க மாட்டார்கள். அதனால்தான் மாடிக்குப் போனேன்.

மதியத்துக்குள் ஓர் ஆள் இறங்கும் அளவுக்குக் கூரை திறந்துவிட்டது. காரைத் துண்டுகள் கூடத்துத் தரையில் விழுந்து தூசி வாசல்வரை வந்தது. விளக்குக்காரர்கள் ஓடிவிட்டார்கள். யாரோ நாமக்கல்லுக்கு டெலிபோன் போட்டிருக்கிறார்கள். மூன்று மணி வாக்கில் செயலாளரின் கார் வந்தது.

அவர் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். ஓட்டை வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கியிருந்தது. நேராக மாடிக்கு ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். சுவருக்குள் இருந்த உத்திரத்தின் நுனி முழுவதும் இப்போது வெளியே தெரிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீயே குத்து.”

குத்தினேன். கத்தி நுனி வளைந்தது. வேறு இடத்தில் குத்தினேன். மேலே, கீழே, பக்கத்தில். எங்கும் இறங்கவில்லை. எத்தனையோ வருடங்களுக்கு முன் வைத்த தேக்கு, அறுத்த அன்று இருந்தது போலவே இருந்தது. மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓடுகிற மழைநீர் வடிகால் வெடித்து, அந்தத் தண்ணீர்தான் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அரை மணி நேரத்தில் அடைத்திருக்கக்கூடிய வெடிப்பு.

மேஸ்திரி தலையைத் திருப்பிக்கொண்டார்.

“இப்ப என்ன சொல்ற?” என்றார் செயலாளர்.

“தப்புதானுங்கண்ணா.”

“தப்பு செரி. முந்நூறு எலைய எங்க போடறது?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடியிலேயே குந்தி உட்கார்ந்து, குச்சியால் தூசியில் மைதானத்தை வரைந்து, எங்கே பந்தல், எங்கே சமையல் என்று என்னோடு யோசிக்கத் தொடங்கிவிட்டார். அந்த ஒன்றரை நாளில் நான் உட்காரவே இல்லை. டென்னிஸ் வலைகளைப் பிரித்து, இரண்டு மைதானத்தையும் சேர்த்துப் பந்தல் போட்டோம். கம்பம் நட்ட குழிகளைப் பார்த்து ஓர் உறுப்பினர் என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. நான் குழி தோண்டிக்கொண்டே கேட்டேன். கூடத்து ஓட்டைக்கு மேல் லாரித் தார்ப்பாய் கட்டினோம். அதுவும் செயலாளர் பட்டறையிலிருந்து வந்ததுதான்.

விருந்து நாள் காலையில் அவர் ஒரு புதிய யோசனை சொன்னார். மார்கழிப் பனி. வயதானவர்களை வெளியே உட்காரவைக்க முடியாது. அவர்களுக்கு மட்டும் சீட்டாட்ட அறையில் இலை போட்டுவிடலாம். நாற்பது பேர் உட்காரலாம். அவருடைய மாமனாரும் அதில் ஒருவர். நல்ல யோசனைதான். மேசைகளை நகர்த்திப் பார்க்கலாம் என்று நான் போனேன்.

பெருக்குகிற அம்மா நடு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை வைத்துவிட்டு, துடைத்து ஒதுக்கியதை உள்ளங்கையில் அள்ளி நீட்டினார்.

“சுண்ணாம்பு வெள்ளையால்லங்க இருக்கும் சாமி?”

அந்தக் கையில் இருந்தது மஞ்சள். வெளிர் மஞ்சளாக, நைசாக, சலித்த கடலை மாவு போலவே இருந்தது. அவர் முதல்முறை சொன்னபோதும் கடலை மாவு என்றுதான் சொன்னார். நான் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன்.

மேசை மேலேயே ஏறி நின்றேன். உத்திரம் தலைக்கு மேல் கறுப்பாக மின்னியது. கைவிரலால் தட்டினேன். சத்தமே இல்லை. கட்டை விரலை வைத்து அழுத்தினேன். பெயிண்ட் தோல் அப்பளம் போல உடைந்து விரல் உள்ளே போனது. முதல் கணு வரை போனது. உள்ளே மரம் இல்லை, மாவுதான் இருந்தது. இழுத்தபோது மணிக்கட்டெல்லாம் மஞ்சளாகக் கொட்டியது.

அந்த அறை, கிளப் கட்டிப் பல வருடம் கழித்துச் சேர்த்துக் கட்டியது என்பது எனக்கு முன்பே தெரியும். தேக்குக்குப் பதில் ஏதோ நாட்டு மரத்தைப் போட்டிருக்கிறார்கள். அது வருடக்கணக்காக உள்ளுக்குள்ளேயே உளுத்திருக்கிறது. நான் கோடையில் கறுப்பு பெயிண்ட் அடித்து அதை அழகாக மூடி வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக, ஒழுகும் கூடத்திலிருந்து பெரியவர்களை எழுப்பி அழைத்து வந்து, இதற்குக் கீழே உட்காரவைத்திருக்கிறேன்.

மேசையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அந்த அம்மா, “தண்ணி கொண்டாரட்டுங்களா?” என்று கேட்டது நினைவிருக்கிறது. அவரை முதலில் அறையை விட்டு வெளியே போகச் சொன்னேன்.

செயலாளர் பந்தலில் சமையல்காரர்களோடு நின்றிருந்தார். அவரை நோக்கி நடந்த அந்தத் தூரத்தை இப்போதும் என்னால் அளக்க முடியும். இரண்டு நாளைக்கு முன்புதான் ஒரு நல்ல கூரையை உடைத்தவன். இப்போது போய், இன்னொரு கூரை விழப்போகிறது என்று சொல்லப்போகிறேன். திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சத்தமில்லாமல் முட்டுக் கொடுத்துவிட்டு, விருந்து முடிந்ததும் சொல்லலாமா என்று யோசித்தேன். வெட்கம் மனிதனை எதுவரை கொண்டுபோகும் என்று அன்று தெரிந்தது.

“அண்ணா, சீட்டு ரூம்ல யாரையும் உக்கார வெக்க வேண்டாமுங்க.”

“ஏன்?”

“உத்திரம் போயிருச்சுங்க.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “மறுபடியுமா?”

“நான் தட்டிப் பாத்துச் சொல்லலீங்க. நீங்களே வந்து வெரல வெச்சுப் பாருங்க.”

வந்தார். மேசை மேல் ஏறினார். நான் செய்தது போலவே கட்டை விரலை வைத்தார். அது உள்ளே போனதும், அவர் முகத்தில் இருந்த சலிப்பு மாறுவதைப் பார்த்தேன். விரலை மெதுவாக வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்து, மேசையிலிருந்து இறங்கி, அறையின் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு நாற்காலி முதுகில் அவருடைய மாமனாரின் மப்ளர் முந்தின நாளிலிருந்து கிடந்தது. அதை எடுத்து மடித்தார்.

“எல்லாரும் வெளிய போங்க” என்றார். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். “இன்னிக்கு யாருக்கும் சொல்ல வேண்டாம். விருந்து நடக்கட்டும்” என்றார்.

விருந்து நடந்தது. பெரியவர்கள் மப்ளரும் சால்வையுமாகப் பந்தலில் உட்கார்ந்து, பாயசம் ஆறிவிட்டது, பனி இறங்குகிறது, இந்த ஓவர்சியரின் கிறுக்குத்தனத்தால் நமக்கு இந்த நிலைமை என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். என் காதுபடவே பேசினார்கள். செயலாளர் இலை இலையாகப் போய் விசாரித்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் முட்டுக் கட்டைகளை நிறுத்திவிட்டு அந்த உத்திரத்தை இறக்கினோம். நீளத்தையும் பருமனையும் பார்த்து எட்டு ஆட்கள் வேண்டும் என்று நிறுத்தியிருந்தேன். கயிற்றில் கட்டித் தூக்கியபோது அது வைக்கோல் கட்டு போல லேசாக எழும்பியது. பலம் கொடுத்து நின்ற ஆட்கள் தடுமாறிப் பின்னால் சாய்ந்தார்கள். பாதியில் அது தானாக இரண்டாக முறிந்து விழுந்தது. அறை முழுவதும் மஞ்சள் புழுதி. மேஸ்திரி இருமிக்கொண்டே சொன்னார்: “சார், இவ்வளவு நாளா எது தாங்குச்சு? பெயிண்டா?”

அந்த வாரமே கமிட்டி கூடியது. கூடத்துக் கூரையை அனுமதி இல்லாமல் உடைத்ததற்கு என்னை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று ஒருவர் எழுதியே கொண்டுவந்திருந்தார். நான் கதவருகில் நின்றேன். செயலாளர் பேசினார்.

“அவன் ஒடைச்சது தப்பு. நானே சொல்றேன். ஆனா கூடத்த ஒடைக்காம இருந்திருந்தா, விருந்து அங்க நடந்திருக்கும். மறுநாள் நீங்க எல்லாரும் வழக்கம் போல சீட்டு ரூம்ல போய் உக்காந்திருப்பீங்க. அத யாரும் அண்ணாந்து பாத்திருக்க மாட்டோம். இப்ப என்ன முடிவு பண்ணோணுமோ பண்ணுங்க.”

எழுதிக்கொண்டு வந்தவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தேன். கூடத்து உத்திரத்தைத் தவறாகக் கணித்தது, சீட்டாட்ட அறையைச் சரியாகப் பார்க்காமல் பெயிண்ட் அடித்தது, இரண்டையும் ஒப்புக்கொண்டிருந்தேன். தூள் உதிர்வதைப் பெருக்குகிற அம்மா மூன்று வாரம் முன்பே சொன்னார், நான் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தேன். கமிட்டித் தலைவர் அந்த வரியில் விரலை வைத்தார். “இது எதுக்கு? கமிட்டிப் பதிவுல பெருக்கறவங்க பேச்செல்லாம் வரவேண்டாம். அடிச்சிருங்க.” பேனாவை அவரே நீட்டினார்.

நான் அடித்தேன். வேலை தப்பித்த நிம்மதியில் ஒரு நொடி தயங்கக்கூட இல்லை. அறைக்கு வெளியே வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்டு வாங்கி மறுபடி எழுதியிருக்கலாம். போகவில்லை.

அந்த அம்மாவை மறுநாள் காலையில் பார்த்தேன். “நீங்க சொன்னதுதாம்மா செரி” என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். “அன்னிக்கே ஏனுங்க சாமி வந்து பாக்கல?”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டார். “வேல அவசரம்மா” என்று முணுமுணுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த அறையைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை. நானாகப் போய்க் கேட்டால் மட்டும், “ஒண்ணுமில்லீங்க” என்பார். தினமும் கேட்டேன். தினமும் அதே பதில்தான் வந்தது.

சீட்டாட்ட அறைக்குப் புதிய உத்திரம் தேடும்போது செயலாளர் மரமே வேண்டாம் என்றுவிட்டார். பழைய லாரி ஒன்றின் சேஸிஸைப் பிரித்து, அதன் நீண்ட இரும்புச் சட்டங்கள் இரண்டையும் தன் பட்டறையில் சேர்த்து வெல்டு வைத்து, நாமக்கல்லிலிருந்து லாரியிலேயே அனுப்பினார். அதைச் சுவருக்குச் சுவர் ஏற்றி, சுற்றிலும் மெல்லிய தேக்குப் பலகை அடித்து மூடினோம். பழைய கட்டடத்தின் அழகு கெடவில்லை என்று உறுப்பினர்கள் பாராட்டினார்கள். இரண்டு லாரிகளின் கனத்தைத் தாங்கும் என்று மேஸ்திரி சத்தியம் செய்தார். நான் அதன் கீழே நின்று பார்த்தேன். மனம் அடங்கவில்லை. வெல்டு விட்டுப்போனால்? சுவர் தாங்காவிட்டால்?

அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் அங்கே இருந்தேன். எல்லா அறையின் எல்லா உத்திரத்தையும் பெயிண்ட் சுரண்டிக் குத்திப் பார்த்தேன். இன்னும் இரண்டு மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் உறுதியாக இருந்தது. அது எனக்கு அமைதி தந்திருக்க வேண்டும். ஆனால் எது நன்றாக இருக்கிறதோ அதில்தான் சந்தேகம் அதிகமானது. சினிமாக் கொட்டகையில் படம் ஓடும்போது நான் மேலே பார்ப்பேன். உறவினர் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் தூணைத் தட்டினேன் என்று என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே ஒருநாள் சொன்னாள்: “இந்த வேலைய உட்டுருங்க. கூலி வேலைக்குப் போனாலும் செரிதான். நீங்க மனுசராட்டம் ஒக்காந்து சோறு தின்னு எத்தன வருசமாச்சு.”

எண்பதுகளின் நடுவில் விட்டேன். செயலாளர் அப்போது பதவியில் இல்லை. ஆனாலும் என்னை வழியனுப்ப வந்தார். முன்வாசல் படி வழியாக இறங்கிப் போ என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். காவலாளி ஒதுங்கி நின்றார். படிகள் நான்கு. மூன்றாவது படியின் ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

நாமக்கல் பக்கம் அப்போது கோழிப் பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். நான் கோழிக் கொட்டகை கட்டிக் கொடுக்கும் வேலையைப் பிடித்தேன். கல் தூண், சவுக்கு மரம், மேலே தென்னங்கீற்று. விழுந்தாலும் ஆள் சாகாது என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். வெளியில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. நல்ல வேலைக்காரன் என்று பெயர் வந்தது. மனைவி நான் சாப்பிடுவதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியமானாள்.

முதல் கொட்டகை முடிந்த மாதத்தில் ஒரு மதியம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. சோற்றில் கை வைத்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மனைவி சோற்றுத் தட்டை மூடி வைத்தாள். ஏழு மைல். முழுக்க நனைந்து போய்ச் சேர்ந்தபோது கொட்டகை அசையாமல் நின்றது. உள்ளே கோழிகள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன. பண்ணைக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏனுங்க, இந்த மழையில? ஏதாச்சுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. இந்தப் பக்கமா வந்தேன்.”

எந்தப் பக்கமும் போகாத வழி அது. அவருக்கும் தெரியும். உள்ளே வந்து நில்லுங்கள் என்றார். நின்றேன். மழை நின்றதும் அவரைக் கூப்பிட்டு, கொட்டகையின் கீற்றில் எந்த இடத்திலாவது எதுவாவது உதிர்கிறதா, சொட்டுகிறதா, யார் பார்த்திருந்தாலும், முட்டை பொறுக்குகிறவர்கள் பார்த்திருந்தாலும், எனக்கு உடனே ஆள் அனுப்பச் சொன்னேன். அவர் வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருத்தி கை காட்டிய இடத்துக்கு ஏணியை எடுத்துக்கொண்டு போனேன்.